நல்லதண்ணி: ஒரு பெயர் பலகையேறிய கதை

மார்கழிப் பௌர்ணமி வந்துவிட்டால் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பஸ் நிலையத்தின் சத்தமே மாறிவிடும். அதுவரை “மஸ்கெலியா, மஸ்கெலியா” என்று கூவிக்கொண்டிருந்த கொண்டக்டர்கள் அன்றிலிருந்து “நல்லதண்ணி, நல்லதண்ணி” என்று கூவுவார்கள். பஸ்ஸின் முன்கண்ணாடியில் செருகியிருக்கும் பலகையும் மாறும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று வரியில் ஒரே பெயர். சிவனொளிபாதமலை ஏறும் பருவம் தொடங்கிவிட்டதென்று எங்களுக்கு முதலில் சொல்வது அந்தப் பலகைதான்.

கோச்சியில் வந்திறங்கும் வெளிநாட்டுக்காரர்கள் பலர் அந்தப் பலகைக்கு முன்னாலேயே திகைத்து நிற்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அவர்கள் கையிலுள்ள வழிகாட்டிப் புத்தகத்தில் ஊரின் பெயர் ‘டல்ஹவுசி’. அப்படியொரு பெயரை பஸ்ஸில் தேடினால் எங்கே கிடைக்கும்? முதுகுப் பையைச் சுமந்தபடி ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துப் போவார்கள். கடைசியில், சந்தைச் சாமான் பையோடு நிற்கும் தோட்டத்து அக்கா ஒருவர், “அதுதாங்க நல்லதண்ணி, ஏறுங்க ஏறுங்க” என்று கையைக் காட்டுவார். இடம் ஒன்று, பெயர் இரண்டு. டல்ஹவுசி என்பது தோட்டத்துக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர். நல்லதண்ணி என்பது அந்தத் தோட்டங்களில் உழைக்க வந்தவர்கள் வாயில் வழங்கிய பெயர். முன்னது வரைபடத்திலும் கணக்குப் புத்தகத்திலும் சுகமாக உட்கார்ந்துகொண்டது. பின்னது வெகுகாலம் வாய்மொழியாகவே திரிந்து, பிறகுதான் பலகையில் ஏறியது. அது வந்த வழி நீளமானது.

வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்களுக்கு ‘நல்ல தண்ணி’ என்ற சொல்லின் கனம் தெரியும். ராமநாதபுரத்துக் கிராமத்தில் புழங்குகிற தண்ணி வேறு, நல்ல தண்ணி வேறு. குளிக்க, துவைக்க, மாட்டுக்குக் காட்ட எந்தக் கிணறும் ஆகும். உலை வைக்கவும் குடிக்கவும் ஒரு கிணறுதான் ஆகும். அதற்குப் பெயரே நல்ல தண்ணிக் கிணறு. பெண்கள் இடுப்பில் குடத்தோடு அந்த ஒரு கிணற்றுக்கு எவ்வளவு தூரமும் நடப்பார்கள். மன்னார் வளைகுடாவில் தமிழ்நாட்டுக் கரையோரமாக இருக்கும் 21 தீவுகளில் ஒன்றின் பெயர் நல்லதண்ணித் தீவு. சுற்றிலும் உப்புக் கடல். வள்ளத்தில் போகிறவனுக்கு அந்தப் பெயரே போதும், எங்கே ஒதுங்கலாம் என்று தெரிந்துவிடும். தமிழில் ஊர்ப் பெயர்கள் பலவும் இப்படித்தான் பிறந்திருக்கின்றன. கல்லில் வெட்டாமல், மரத்தில் எழுதாமல், காதில் விழுந்ததும் வழி சொல்லிவிடும்.

மலையகத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்தவர்கள். பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி வந்தவர்கள். சிவனொளிபாதமலையின் வடக்குச் சரிவில், பாறை மேல் கண்ணாடி போல ஓடிவரும் ஓடையில் கையை நனைத்துக் குடித்தபோது அவர்களுக்குத் தங்கள் ஊர்க் கிணறு நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. அந்தப் பெயரை யாரும் யோசித்து வைத்திருப்பார்களென்று எனக்குத் தோன்றவில்லை. ‘நல்ல தண்ணி’ என்று ஒருவர் சொல்ல, பின்னால் வந்தவர் அதையே சொல்ல, இடம் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கும். கடல் தாண்டி வந்தவர்கள் தலைச்சுமையில் கொண்டுவர முடியாததைச் சொல்லாகக் கொண்டுவந்தார்கள் என்று நம்புகிறேன்.

அவர்கள் எப்படி வழி கண்டு வந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுக்குள்ளால் நடந்தார்கள். வழியில் எழுத்துப் பலகை இல்லை. இருந்திருந்தாலும் வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணி முன்னால் போவார், அவர் முதுகுதான் வழிகாட்டி. அடுத்தது தண்ணீர். எந்தக் குளக்கரையில் இரவு தங்கலாம், எந்தக் கிணற்றில் குடிக்கலாம் என்பதுதான் அந்தப் பாதையின் வரைபடம். கெட்ட தண்ணி குடித்தவர்கள் வாந்திபேதியில் வழியிலேயே செத்துப்போனார்கள். பிணங்கள் கிடந்த இடங்களும் பின்னால் வந்தவர்களுக்கு அடையாளமாயின. அப்படி வந்தவர்களின் வாயில் ஒரு ஊர் நல்லதண்ணி என்று பெயர் பெற்றதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைத்து 2023இல் ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்து வந்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் பலகை நின்றது. கையில் தொலைபேசி வழி காட்டியது. அப்படியிருந்தும் காலில் கொப்புளம் போட்டது.

1901இல் இன்னொரு ஏற்பாடு வந்தது. ‘டின் டிக்கெட்’ என்றார்கள், வட்டமான ஒரு தகர வில்லை. தோட்டம் இருக்கும் மாவட்டத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து, தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம் என்று அதில் பொறித்திருக்கும். ஊரில் ஆள் சேர்க்கும்போதே கங்காணி அதைக் கையில் கொடுத்துவிடுவார். தோட்டத்தின் கணக்கில் கப்பலும் ரயிலும் ஏறலாம். வழியிலுள்ள அதிகாரி எவரும் வில்லையைப் பார்த்தால் போதும், இந்த ஆளை எந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். நான் இந்த வில்லையைப் பற்றி முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பலகை என்பது மனிதனுக்கு வழி சொல்ல வேண்டிய பொருள். இங்கே மனிதன் மேலேயே பலகையை மாட்டிவிட்டார்கள். அதைச் சுமந்து வந்தவருக்கு அதிலுள்ள எழுத்து புரியாது. எங்கே போகிறோம் என்பது தன்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்த நிலையில் அவர் பயணம் செய்தார். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பலும் ரயிலும் இணைந்து ஓடத் தொடங்கின. அதன்பிறகு நடை குறைந்தது. ரயில் பாதையோ அதற்கு முன்பே, 1884இல், ஹட்டனை எட்டிவிட்டது. தேயிலைப் பெட்டி கீழே போகவும் ஆட்கள் மேலே வரவும் போட்ட அந்தப் பாதையில்தான் பிறகு யாத்திரிகர்களும் வந்தார்கள். சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மலைக்குக் குறுக்கு வழி நல்லதண்ணி என்றானது அதனால்தான்.

தோட்டத்துக்குள் வழி காட்டும் முறையே வேறு. மொக்கா, காட்மோர், பிரவுன்லோ, கிளன்டில்ட், மொரே என்று மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பெயர்களில் பாதி ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவை போல ஒலிக்கும். துரைமார் தங்கள் ஊரைப் பெயரில் கொண்டுவந்தார்கள். அந்தப் பெயர்களை எங்கள் ஆட்கள் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி மடக்கிக்கொண்டார்கள். அது முடியாத இடத்தில் தாங்களே வைத்தார்கள். சாமி இருக்கும் மலையைப் பார்த்தபடி இருக்கிற ஊர் சாமிமலை. டிவிசனுக்கு மேற்கணக்கு, கீழ்க்கணக்கு. தேயிலை மலைக்கு நம்பர். “இன்னிக்கு அஞ்சாம் நம்பர் மலை” என்று காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் சொன்னால் கொழுந்துக்கூடையோடு இருட்டிலும் நேராகப் போய் நிற்பார்கள். புதிதாக வந்தவரிடம் “ஸ்டோருக்குக் கீழே, மாரியம்மன் கோயில் தாண்டி, மூணாவது லயம், கடைசிக் காம்பரா” என்பார்கள். லயம் என்பது வரிசை வீடு, காம்பரா அதிலோர் அறை. தெருப் பெயரும் வீட்டு இலக்கமும் இல்லாத அந்த முகவரி தபாலுக்கு உதவாது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யார் கைக்கெல்லாமோ போய், சில வேளை வந்து சேரும், சில வேளை சேராது. நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி கடந்து கையில் கிடைத்த பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. நல்லதண்ணிக்கு வரும் சுற்றுலாப் பயணி வழி தவறினால் அரை நாள் போகும். லயத்துக்குப் பெயர்ப் பலகை இல்லாததால் இவர்களுக்குப் போனது அதைவிடப் பெரியது.

பலகைக்கு மொழி என்று வரும்போது கதை கறுக்கத் தொடங்குகிறது. 1948இன் குடியுரிமைச் சட்டம் நல்லதண்ணி என்று பெயர் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளை நாடற்றவர்களாக்கியது. 1956இல் சிங்களம் மட்டுமே அரச மொழியானது. அடுத்த ஆண்டு வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. 1958இல் வடக்கில் அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பலகைகள் மேல் தார் விழுந்தது. கடைப் பெயர், தெருப் பெயர் எதுவும் தப்பவில்லை. ஓர் ஊரின் பெயரைக் கறுப்பாக்கினால் அந்த ஊர் வழி தவறிவிடுமா என்ன? வழி தவறியது நாடு. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னர் மலையகத்திலிருந்து லட்சக்கணக்கானோர் கடல் தாண்டித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களை ஏற்றிப் போன ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் விழுந்தது. நிலைய மேடையில் ஊர்ப் பெயர்ப் பலகையைக் கையால் தொட்டுவிட்டு ஏறியவர்களைப் பற்றி என் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள் இன்றைக்கும் ‘நாங்க மஸ்கெலியா’, ‘நாங்க அட்டன்’ என்றுதான் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

1987இல் வந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரச மொழி என்றது. 1988இன் 16ஆவது திருத்தம் அதற்கு நிர்வாகத்தில் கைகால் கொடுத்தது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. அதன்பிறகு பலகையில் தமிழ் வரி இருக்க வேண்டியது உரிமையானது. தாரைத் தாண்டி எழுத்து மீண்டும் வந்ததில் எனக்கிருக்கும் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வந்த எழுத்தைக் கிட்டப் போய் வாசித்துப் பார்க்க வேண்டும்.

நல்லதண்ணி என்ற பெயர் சிங்களத்துக்குப் போனபோது, அந்த மொழியின் இயல்புப்படி இறுதியில் ஒரு ‘ய’ சேர்ந்து ‘நல்லதண்ணிய’ ஆனது. அதில் தவறொன்றும் இல்லை. ஒரு மொழியின் பெயரை இன்னொரு மொழி தன் மடியில் வைத்துக்கொள்ளும்போது இப்படித்தான் ஆகும். அடுத்து அது ஆங்கில எழுத்துக்குப் போனது. ஆங்கிலத்தில் ண, ன வேறுபாடு கிடையாது. சிங்கள எழுத்தில் அந்த வேறுபாடு உண்டு, பேச்சில் அழிந்துவிட்டது. இப்போது பலகை எழுதுகிறவர் கையில் சிங்களப் பெயரும் ஆங்கிலப் பெயரும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துத் தமிழ் வரியை உண்டாக்குகிறார். நான் பார்த்த ஒரு பலகையில் ‘நல்லதன்னிய’ என்றிருந்தது. தமிழில் பிறந்த பெயர், இரண்டு மொழிகளைச் சுற்றிவிட்டுத் தமிழுக்கே திரும்பி வந்தபோது, அதிலிருந்த தண்ணீர் வற்றிப்போயிருந்தது. தமிழ் தெரிந்த ஒருவரிடம் கேட்டிருந்தால் போதும். அந்தப் பலகைக்குக் கீழேயே நூறு பேர் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

இதைச் சின்னப் பிழை என்று விட்டுவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பஸ்ஸொன்றில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய இருக்கையின் மேல் ‘தாய்’ என்ற சொல்லில் முதலெழுத்து மாறி ‘நாய்’ என்று எழுதப்பட்டது நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்த இருக்கையில் உட்காரப் போன ஒரு தமிழ்ப் பெண்ணின் முகத்தை நினைத்துப் பார்த்தால் அது சின்னப் பிழை ஆகாது. பிழையுள்ள தமிழ் வரி, வாசிப்பவரைப் பார்த்து ‘உனக்காக நான் எழுதப்படவில்லை’ என்று சொல்கிறது. சட்டத்துக்காக எழுதியதையும் வாசிப்பவருக்காக எழுதியதையும் வாசிப்பவர் ஒரு நொடியில் பிரித்துவிடுவார்.

இந்தத் தீவில் மும்மொழிப் பலகை புதிதல்ல. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே காலியில் நிறுத்திய கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. கல்லிலுள்ள ஆண்டு 1409. சீன வரிகள் புத்தருக்கும், தமிழ் வரிகள் தேனாவரை நாயனாருக்கும், பாரசீக வரிகள் அல்லாவுக்கும் காணிக்கை சொல்கின்றன. ஒன்றை மற்றொன்றின் மொழிபெயர்ப்பாக எழுதாமல், அந்தந்த மொழிக்காரரிடம் அவரவர் தெய்வத்தைச் சொல்லிப் பேசியிருக்கிறார்கள். தமிழ் தெரிந்தவர் எழுதிய தமிழ் அது. பிறகு அந்தக் கல் என்னவானது தெரியுமா? 1911இல் அதைக் கண்டெடுத்தபோது காலித் தெருவொன்றில் மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்தது. எத்தனையோ காலம் வண்டிகள் மூன்று மொழியின் மேலும் ஓடியிருக்கின்றன. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் நிமிர்ந்து நிற்கிறது.

நல்லதண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பலகைகளின் ஆட்சி குறைந்து, அதைவிடப் பழைய குறிகளின் ஆட்சி தொடங்குகிறது. கடைத்தெருவைத் தாண்டி, ஆற்றைக் கடந்து, மகர தோரணத்துக்குள் நுழைந்தால் உச்சிவரை ஏழு கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி படிக்கட்டு. ஐயாயிரத்துக்கு மேல் என்பார்கள். உச்சி 2,243 மீற்றர் உயரம். அங்கே இருக்கும் பாதச் சுவடு நமக்குச் சிவனுடையது, பௌத்தருக்குப் புத்தருடையது, முஸ்லிம்களுக்கு ஆதம் நபியுடையது. கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமையாருடையது என்றார்கள். சிவனொளிபாதமலை, ஸ்ரீபாத, சமனல, பாவா ஆதம் மலை என்று இத்தனை பெயருள்ள மலைக்குப் பலகை எழுதுவது எவருக்கும் எளிதல்ல. ஆனால் அதன் வழிக் குறிகளுக்கு மொழியே வேண்டாம்.

முதலாம் விஜயபாகு 11ஆம் நூற்றாண்டில் இந்த வழிகளில் வரும் யாத்திரிகர்களின் பசிக்கு ஏற்பாடு செய்ததை, நாம் ஹட்டனுக்கு ஏறும் பாதைக்கு அருகிலேயே இருக்கும் அம்பகமுவக் கல்வெட்டு சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சர் தேவபதிராஜா கம்பளையிலிருந்து மலைக்குப் பாதை திறந்து பாலங்கள் போட்டார். அந்த வழிகளில் யாத்திரிகர் தங்கும் அம்பலம் இருந்தால் அங்கே ஒரு நாள் நடை முடிகிறது என்று பொருள். தூரத்தை எண்ணில் எழுதுவதைவிட அது தெளிவான குறி.

1344இல் இந்த மலைக்குப் போக வந்த அரபுப் பயணி இபின் பதூதா புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். யாழ்ப்பாணத்து அரசரான அவர் பல்லக்குக் கொடுத்து, யோகிகள் நால்வரையும் பிராமணர் மூவரையும் துணைக்கு அனுப்பினார். வழிகாட்டிப் பலகை இல்லாத காலத்தில் வழி தெரிந்த ஆளே பலகை. மலைக்கு இரண்டு வழி என்று பதூதா எழுதிவைத்திருக்கிறார்: பாபா வழி, மாமா வழி. பாபா என்றது ஆதமை, மாமா என்றது ஏவாளை. மாமா வழி இலகுவானது, ஆனால் அதில் ஏறியவர் யாத்திரை செய்தவராகக் கணக்கில் வரமாட்டார். பாபா வழியில் பாறையில் இரும்புச் சங்கிலிகள் பத்து. பத்தாவது சங்கிலிக்குச் சாட்சிச் சங்கிலி என்று பெயர். அங்கே நின்று கீழே பார்த்தவர் பயத்தில் இறைநம்பிக்கைச் சாட்சியான கலிமாவைச் சொல்லிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். ஆபத்து இங்கே என்று எழுதி ஒட்டுவதைவிட, அந்தப் பெயர் காலை எவ்வளவு நிதானமாக வைக்கச் சொல்கிறது பாருங்கள். 

எனக்குப் பிடித்த குறி நூல்தான். வழியில் இந்திகட்டுபான என்றோர் இடம் உண்டு, ஊசி நூலோடு சேர்ந்த பெயர். புத்தர் கிழிந்த காவியை இங்கே உட்கார்ந்து தைத்தார் என்பது ஐதீகம். சிங்கள யாத்திரிகர்கள் ஊசியில் கோத்த வெள்ளை நூலை இங்கே கட்டிவிட்டு, உருண்டையை அவிழ்த்துக்கொண்டே ஏறுவார்கள். முதன்முதலாக வருகிறவர்களை ‘கோடு’ என்பார்கள், கூட்டிப்போகும் மூத்தவரை ‘நடே குரா’. அந்த ‘நடே’ என் காதில் எப்போதும் ‘நடை’ என்றுதான் விழும். விடியற்காலையில் பாதையின் இருபக்கமும் பார்த்தால் கைப்பிடிக் கம்பியிலும் செடியிலும் பனி கோத்த நூல்கள் ஆயிரம் ஓடும். யாரோ ஒருவர் இந்த வழியே ஏறினார், இன்னும் மேலே போயிருக்கிறார் என்பதுதான் அந்த நூல் சொல்லும் செய்தி. மூச்சு வாங்கி நிற்கிறவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? எதிரே இறங்குகிறவர்கள் “கருணாவாய்” என்று வாழ்த்துவார்கள். நாங்கள் “அரோகரா” சொல்வோம். உச்சியில் மணி இருக்கிறது. எத்தனையாவது தடவை ஏறினோமோ அத்தனை அடி அடிக்க வேண்டும். மூடுபனியில் உச்சி தெரியாமல் நிற்கும்போது அந்த மணிச் சத்தம் ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று சொல்லும்.

பருவ காலத்தில் எல்லாவற்றுக்கும் மேலே விளக்கு. இரவு இரண்டு மணிக்கு நல்லதண்ணியில் நின்று அண்ணாந்து பார்த்தால் மலை தெரியாது, ஒரு வெளிச்சக் கோடு மட்டும் வளைந்து வளைந்து நட்சத்திரத்துக்குள் போய் முடியும். எங்கே திரும்ப வேண்டும், எங்கே செங்குத்து, இன்னும் எவ்வளவு தூரம் எல்லாவற்றையும் அந்தக் கோடு ஒரே பார்வையில் காட்டிவிடும். இந்தச் சரிவுகளின் தண்ணீர் மஸ்கெலியா ஓயாவில் சேர்ந்து, மவுசாகலை நீர்த்தேக்கத்தில் நின்று, கீழே கெனியனிலும் புதிய லக்ஷபானவிலும் மின்சாரமாகிறது. 1969இல் கட்டி முடிந்த அந்த அணைக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றுக்குள்ளிருந்து எழுந்து நிற்கும். பழைய தெருவில் நடந்து பார்க்க ஆட்கள் கூடுவார்கள். எந்தப் பலகையும் இல்லாமலே வயதானவர்கள் “இது நம்ம கடை இருந்த இடம்” என்று காலால் தொட்டுக் காட்டுவார்கள்.

இத்தனை நுட்பமான குறிகள் இருந்தும் வெளியாள் தடுமாறும் இடங்கள் உண்டு. உச்சியில் இரண்டு பக்கமும் படி இறங்குகிறது, ஒன்று நல்லதண்ணிக்கு, மற்றது இரத்தினபுரிப் பக்கம். சூரியன் எழுந்ததும் ஆரவாரத்தில் கூட்டம் போகும் பக்கம் போனவர், பல மணி நேரம் கழித்து மலையின் மறுபக்கத்தில், தன் பையும் அறையும் இல்லாத ஊரில் நிற்பார். பருவம் இல்லாத மாதங்களில் விளக்கும் இல்லை, கடையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. அடிவாரத்தில் பிரியும் கிளைப்பாதை ஒன்றில் ஏறி, தேயிலை மலைக்குள் டோர்ச் வெளிச்சத்தோடு சுற்றுகிறவர்களை விடியற்காலையில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள்தான் திருப்பி அனுப்புகிறார்கள். அவர்களுக்கு யாரும் வழிகாட்டி என்று பட்டம் கொடுத்ததில்லை.

பெரிய நகரங்கள் இதை யோசித்திருக்கின்றன. மெக்சிகோ நகரத்தில் 1969இல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியபோது, எழுத்தறியாத மக்களும் ஏறுவார்கள் என்று நினைத்து லான்ஸ் வைமன் என்ற வடிவமைப்பாளர் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சித்திரம் போட்டார். அந்த இடத்தின் பெயரிலிருந்தோ கதையிலிருந்தோ எடுத்த சித்திரம். ஜப்பானிய எழுத்து தெரியாதவர்களுக்காக டோக்கியோ 2004இல் நிலையங்களுக்கு எழுத்தும் எண்ணும் கொடுத்தது. நடந்து போகிறவர்களுக்காக 2007இல் லண்டன் வைக்கத் தொடங்கிய பலகைகளில், வரைபடம் எப்போதும் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் திசைக்கே திரும்பியிருக்கும். தூரத்தோடு நடக்க எத்தனை நிமிடம் என்பதும் இருக்கும்.

நல்லதண்ணிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் நான் பெரிதாக எதையும் கேட்க மாட்டேன். உச்சியில் இறங்குமிடத்தில் ஹட்டன் பக்கம், இரத்தினபுரிப் பக்கம் என்று மூன்று மொழியிலும் இரவிலும் தெரிகிறபடி ஒரு பலகை. கிளைப்பாதைகளின் வாயில் ஒரு பாதச் சின்னம். ஹட்டனில் பஸ் ஏறும் இடத்தில் ‘டல்ஹவுசி என்பதும் இதுதான்’ என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு வரி. தமிழ் வரியை எழுதுமுன் அந்த ஊர்ப் பாடசாலைப் பிள்ளையிடம் ஒரு தடவை காட்டிவிடுவது. லயங்களுக்குப் பெயரும் காம்பராக்களுக்கு இலக்கமும் கொடுத்து, தபால்காரர் கடைசிப் படி வரை வருவது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சித்திரமும் போடலாமென்றால் ஒரு குடம் போடச் சொல்வேன். எந்த நாட்டுக்காரருக்கும் அதன் பொருள் புரியும். வாசிக்கத் தெரியாமல் தகர வில்லையோடு வந்தவர்களுக்கும் புரிந்திருக்கும்.

வெசாக் பௌர்ணமியோடு பருவம் முடிகிறது. மலையின் காவல் தெய்வமான சமன் தெய்யோவின் திருவுருவத்தை மலையிலிருந்து இறக்கி ஊர்வலமாகப் பெல்மதுளைக்குக் கொண்டுபோவார்கள். விளக்குகள் அணையும். கடைகளின் தகரக் கூரைகளைக் கழற்றி அடுக்குவார்கள். மழைக்காலம் நூல்களை ஒவ்வொன்றாக அறுத்துவிடும். ஹட்டனிலிருந்து நேரே வந்துகொண்டிருந்த பஸ்கள் பெரும்பாலும் மஸ்கெலியாவோடு நின்றுவிடும், கண்ணாடியிலிருந்து நல்லதண்ணிப் பலகையைக் கழற்றி ஆசனத்துக்குப் பின்னால் செருகிவிடுவார்கள். மஸ்கெலியாவில் இறங்கி, அரிசிப் பையோடும் பாடசாலைப் பையோடும் மழைக்கு ஒதுங்கி நிற்கும் ஆட்களுக்கு முன்னால் இன்னொரு சிறிய பஸ் வந்து நிற்கும். கண்ணாடி முழுக்க நீராவி, பலகை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மிதிபலகையில் தொங்கும் பையன் கூவுவான்: “நல்லதண்ணி, நல்லதண்ணி, ஏறுங்க ஆச்சி, இடமிருக்கு.”